கற்கள் நகரும் பாதை

ரொறன்ரோவின் ஸ்காபரோவிலுள்ள மோர்னிங்சைட் பூங்காவில் ஹைலண்ட் சிற்றாற்றின் கரையில் கிடக்கும் கற்களை ஒரு கைப்பிடி அள்ளிப் பார்த்தால், அவை ஓரிடத்துக் கற்கள் அல்ல என்பது கண்ணுக்கே தெரியும். சாம்பல் நிறச் சுண்ணக்கல் இருக்கும். நகத்தால் நெம்பினால் தகடு தகடாகப் பிரியும் களிப்பாறை இருக்கும். இவற்றுக்கு நடுவே இளஞ்சிவப்புக் கருங்கல்லும் இருக்கும். முதல் இரண்டும் இந்தப் பகுதியின் அடிப்பாறைகளைச் சேர்ந்தவை; ஏறத்தாழ 45 கோடி ஆண்டுகளுக்கு முன் ஒரு கடலின் அடியில் படிந்தவை. கருங்கல்லோ வடக்கே நூறு கிலோமீற்றருக்கு அப்பால் தொடங்கும் கனடியக் கேடயத்தின் பாறை. வயது நூறு கோடி ஆண்டுகளுக்கு மேல். மார்க்கம் எல்லையோரம் தொடங்கி ஒன்ராறியோ ஏரியில் போய் விழும் ஒரு சிறிய ஆற்றால் அந்தக் கருங்கல்லை அவ்வளவு தூரத்திலிருந்து கொண்டுவந்திருக்க முடியாது. கொண்டுவந்தது பனி.

இத்தகைய கற்களின் மேல் சைக்கிள் ஓட்டுவது இன்று உலகெங்கும் பரவியிருக்கும் ஒரு விளையாட்டு. கிரவல் சைக்கிள் என்கிறார்கள். பந்தயச் சைக்கிளைப் போல வளைந்த ஹாண்டில், ஆனால் அகலமான ரயர். தார் வீதியிலும் ஓடும், மண் தடத்திலும் ஓடும். அமெரிக்காவின் கன்சாஸ் மாநிலத்தில் எம்போரியா என்ற சிற்றூரைச் சுற்றி 2006 இல் தொடங்கிய 200 மைல் ஓட்டம்தான் இந்த விளையாட்டை உலகறியச் செய்தது. இப்போது அதற்கு அன்பவுண்ட் என்று பெயர். 2022 இல் இத்தாலியின் வெனெற்றோ பகுதியில் முதலாவது கிரவல் உலகச் சாம்பியன்ஷிப் நடந்தது. ஒன்ராறியோவிலேயே பாரிஸ் என்ற ஊரிலிருந்து அன்கஸ்ரருக்கு 1994 முதல் சேறும் சரளையுமாக ஓர் ஏப்ரல் ஓட்டம் இருக்கிறது. கிரவல் ஓட்டம் என்றதும் படங்களில் காட்டப்படுவது கரடுமுரடான மலைப் பூங்காக்கள்: பிரெனீஸ், அல்ப்ஸ், ரொக்கி. ஸ்காபரோவில் மலை இல்லை. ஆனால் கிரவல் பாதை எப்படி உருவாகிறது, எப்படிக் கெடுகிறது, சக்கரம் அதன்மேல் எப்படி உருள்கிறது என்பதைக் கற்றுக்கொள்ள மோர்னிங்சைட்டைப் போல வாய்ப்பான இடம் குறைவு என்பது என் எண்ணம். இங்கே நிலம் மேலே எழுவதற்குப் பதிலாகக் கீழே இறங்குகிறது. ஏற்றமும் இறக்கமும் ஈரமும் கல்லும் எல்லாம் பள்ளத்துக்குள் இருக்கின்றன.

அந்தப் பள்ளம் வந்த கதை பூமியின் கணக்கில் மிகப் புதியது. லோரென்ரைட் எனப்படும் பனிப்படலம் கனடாவின் பெரும்பகுதியை மூடியிருந்தபோது அதன் தடிப்பு சில இடங்களில் மூன்று கிலோமீற்றர். தெற்கு நோக்கி அசைந்த அந்தப் பனி, வழியிலிருந்த பாறைகளைப் பிடுங்கி, அரைத்து, களியும் வண்டலும் மணலும் கல்லும் ஒன்றாகக் கலந்த படிவாக இங்கே விட்டுச்சென்றது. ஸ்காபரோவில் அடிப்பாறை ஆழத்தில் கிடக்கிறது. நாம் குடியிருப்பது இந்தப் படிவின் மேல்தான்.

பனி பின்வாங்கத் தொடங்கியபோது, சென்ற் லோறன்ஸ் ஆற்றுக்குப் போகும் வழியை அது இன்னும் அடைத்துக்கொண்டிருந்தது. நீர் வெளியேற வழியின்றி உயர்ந்தது. ஏறத்தாழ 13,000 ஆண்டுகளுக்கு முன், இன்றைய ஒன்ராறியோ ஏரியைவிட நாற்பது மீற்றருக்கும் கூடுதலான மட்டத்தில் இரோக்குவா என்ற ஏரி நின்றது. அதன் மிகுதிநீர் நியூயோர்க் பக்கமாக ஹட்சன் ஆற்றுக்குப் போனது. ரொறன்ரோ நகரில் காசா லோமா மாளிகை நிற்கும் மேட்டின் சரிவு அந்த ஏரியின் பழைய கரை. பிறகு பனியின் அடைப்பு விலகியது, ஏரி வடிந்தது, நீர்மட்டம் இன்றையதைவிடவும் கீழே போனது. ஆறு சென்று சேரும் மட்டம் தாழ்ந்தால் ஆறு தன் படுக்கையை வெட்டத் தொடங்கும். டொன், ஹம்பர், ரூஜ், ஹைலண்ட் எல்லாம் அப்படி வெட்டிக்கொண்டு இறங்கின. பாறையாக இருந்திருந்தால் பல இலட்சம் ஆண்டுகள் பிடித்திருக்கும். இளகிய படிவு என்பதால் சில ஆயிரம் ஆண்டுகளில் பள்ளத்தாக்குகள் உருவாகிவிட்டன. பனியின் பாரம் நீங்கிய நிலம் மெல்ல எழும்பியது; கிழக்கே ஏரியின் வாய் உயர, ஏரி நீரும் திரும்ப ஏறி, ஆறுகளின் முகத்துவாரங்களைச் சதுப்பாக்கியது. ஹைலண்ட் சிற்றாறு ஏரியைத் தொடும் இடத்தில் அந்தச் சதுப்பை இன்றும் பார்க்கலாம்.

இன்று ரொறன்ரோ நகரத்தின் பரப்பில் ஏறத்தாழ 17 சதவீதம் பள்ளத்தாக்கு நிலம். அது கட்டடங்களால் நிரம்பாமல் தப்பியதற்குக் காரணம் ஒரு பேரழிவு. 1954 ஒக்ரோபர் 15 இரவு வீசிய ஹேசல் சூறாவளியின் வெள்ளத்தில் ஒன்ராறியோவில் 81 பேர் இறந்தார்கள். ஹம்பர் ஆற்றங்கரையில் ரேமோர் என்ற ஒரே தெருவில் மட்டும் 35 பேர். அதன்பிறகு 1957 இல் அமைக்கப்பட்ட பெருநகர நிலநீர் பாதுகாப்பு அமைப்பு, ஆற்றோர வெள்ளச் சமவெளிகளை வாங்கிப் பூங்காவாக்கியது. அங்கே வீடு கட்டுவது நின்றது. பெரிய பூங்கா என்று நகரத்தில் எல்லோரும் சொல்லும் ஹை பார்க்கை விடவும் மோர்னிங்சைட் பூங்கா பெரியது. இதை ஸ்காபரோவில் இருபது ஆண்டு வாழ்ந்தவர்களிடம் சொன்னாலும் நம்ப மறுக்கிறார்கள். பஸ்ஸில் மோர்னிங்சைட் அவெனியூவால் போகும்போது மரங்களின் உச்சி மட்டும்தானே தெரிகிறது.

பூங்காவின் பிரதான பாதை தார் போட்டது. அது ஆற்றோடு கிழக்கே போய், ரொறன்ரோப் பல்கலைக்கழகத்தின் ஸ்காபரோ வளாகத்துக்குக் கீழாகச் சென்று, கேணல் டான்போர்த் பூங்கா வழியாக ஏரிக்கரையில் போர்ட் யூனியனைத் தொடுகிறது. அங்கிருந்து கரையோரமாக ரூஜ் கடற்கரைக்கும் போகலாம். வடக்கே மின்கம்பிக் கோபுரங்களின் கீழ் ஓடும் புல்வெளித் தடம், டொன் பள்ளத்தாக்கிலிருந்து ரூஜ் தேசிய நகர்ப்புறப் பூங்காவரை 16 கிலோமீற்றர் நீள்கிறது. 2018 இல் அறிவிக்கப்பட்ட மெடோவே திட்டம் அந்தப் புல்வெளியைப் பூவும் பூச்சியும் நிறைந்ததாக மாற்றிவருகிறது. இவற்றை இணைத்தால் பாதி நாள் ஓட்டம் கிடைக்கும். தார்ப்பாதைக்கு இடையிடையே சரளைத் துண்டுகளும் மண் தடங்களும் வரும். இங்கேதான் கல்லைப் பற்றிய அறிவு வேண்டும்.

ஆற்றங்கரைக் கல்லைக் கொண்டுவந்து கொட்டினால் பாதை ஆகாது. நீரில் உருண்ட கல் வழவழப்பானது. ஒன்றின்மேல் ஒன்று ஏறினால் வழுக்கிக்கொண்டு இறங்கும். சக்கரம் அதற்குள் புதையும், ஹாண்டில் தன்பாட்டுக்குத் திரும்பும். பாதைக்கு வேண்டியது உடைத்த கல். உடைத்த கல்லுக்கு முனைகள் உண்டு. பாரம் அழுத்த அழுத்த முனைகள் ஒன்றுக்குள் ஒன்று மாட்டிக்கொள்ளும். ஸ்கொட்லாந்துக்காரர் ஜோன் மக்கடம் இருநூறு ஆண்டுகளுக்கு முன் இதைத்தான் வலியுறுத்தினார்: இரண்டு அங்குலத்துக்கு மேற்படாத உடைகற்கள், நடுவில் சிறிது உயர்ந்த மேடு, நீர் நிற்காத அடித்தளம். இத்துடன் மாவாக அரைபட்ட தூளும் வேண்டும். கற்களுக்கு இடையிலுள்ள வெளிகளைத் தூள் நிரப்புகிறது. சிறிது ஈரம் இருக்கும்போது நீரின் பரப்பிழுவிசை தூளை இறுக்கிப் பிடிக்கிறது. சுண்ணக்கல் தூளுக்கு இன்னொரு குணமும் உண்டு. நனைந்து காயும்போது அதில் கரைந்த கல்சியம் காபனேற்று திரும்பப் படிந்து மணிகளை இலேசாக ஒட்டுகிறது. ஒன்ராறியோவின் பூங்காப் பாதைகளில் உடைத்த சுண்ணக்கல் தூளைப் பரப்புவதன் காரணம் இதுதான். யாழ்ப்பாணக் குடாநாடும் சுண்ணக்கல்லின் மேல் இருப்பது. வெயிலில் வெளுத்து, மழைக்குப் பின் இறுகிப்போகும் எங்கள் கல் ஒழுங்கைகளில் ஓடியவர்களுக்கு இந்த இறுக்கம் காலுக்கே தெரியும்.

அந்த ஒழுங்கைகளில் ஓடிய ரலி, லுமாலா சைக்கிள்களை நினைத்துப் பாருங்கள். அவற்றின் ரயர் 28 அங்குல விட்டம், ஒன்றரை அங்குல அகலம். அதாவது 38 மில்லிமீற்றர். இன்று ஆயிரக்கணக்கான டொலருக்கு விற்கப்படும் கிரவல் சைக்கிளின் ரயர் அகலம் பெரும்பாலும் 38 முதல் 50 மில்லிமீற்றர். நடுவிலே சில பத்தாண்டுகள் பந்தயச் சைக்கிளின் செல்வாக்கால், ஒல்லியான ரயரும் கல்லைப்போல இறுகிய காற்றும்தான் வேகம் என்ற நம்பிக்கை ஊன்றிவிட்டது. கண்ணாடிபோன்ற ஓடுதளத்தில் அது உண்மை. சரளையில் உண்மையில்லை. ஏன் என்று சொல்கிறேன். இந்தக் கட்டுரையில் வாசகருக்கு உடனடியாகப் பயன்படக்கூடிய பகுதி இது.

ரயர் நிலத்தைத் தொடும் பரப்பு, அதன் மேலுள்ள பாரத்தைக் காற்றழுத்தத்தால் வகுத்தால் ஏறத்தாழக் கிடைக்கும். ஆளும் சைக்கிளும் சேர்ந்து 80 கிலோ என்றால் பின்சக்கரத்தில் சுமார் 48 கிலோ. 90 பிஎஸ்ஐ காற்று என்பது சதுர சென்ரிமீற்றருக்கு 6.3 கிலோ; அப்போது தொடும் பரப்பு 7.6 சதுர சென்ரிமீற்றர். அதையே 35 பிஎஸ்ஐக்குக் குறைத்தால் பரப்பு 19 சதுர சென்ரிமீற்றரைத் தாண்டுகிறது. கூடிய பரப்பில் பாரம் பரவுவதால் சக்கரம் குறைவாகப் புதைகிறது. ஒரே நேரத்தில் கூடுதலான கற்களைப் பிடிக்கிறது.

அடுத்தது அதிர்வு. இறுகிய ரயர் ஒரு சிறு கல்லில் ஏறும்போது கல்லின் உயரத்துக்குச் சக்கரமும் சைக்கிளும் ஆளும் சேர்ந்து தூக்கப்படுகிறார்கள். 48 கிலோவை அரை சென்ரிமீற்றர் தூக்க 2.4 ஜூல் சக்தி வேண்டும். அரை மீற்றருக்கு ஒரு கல் என்று வைத்து மணிக்கு 20 கிலோமீற்றரில் போனால், வினாடிக்குப் பதினொரு கல். அதற்கு மட்டும் 26 வாற்று. சாதாரணமாக ஓட்டுபவர் தொடர்ந்து கொடுக்கக்கூடியது நூறு வாற்றுக்குச் சற்று மேலேதான். கல்லிலிருந்து இறங்கும்போது இதில் ஒரு பங்கு திரும்பக் கிடைக்கும் என்றாலும், மிகுதி எங்கே போகிறது? தொடையிலும் தோளிலும் வயிற்றிலும் உள்ள தசை குலுங்கி வெப்பமாக மாறிப் போகிறது. மாலையில் கை மரத்துப்போவதும் முதுகு நோவதும் அந்த இழப்பின் அடையாளம். இளகிய ரயர் கல்லைத் தன் உடலுக்குள் வாங்கிக்கொள்கிறது. சைக்கிள் நேராகப் போகிறது. ரயர் நசுங்கி விரிவதில் இறப்பருக்குள்ளும் கொஞ்சம் சக்தி வீணாகும். ஆனால் கரட்டுப் பாதையில் அது குலுக்கத்தால் வரும் இழப்பைவிடச் சிறியது. 1888 இல் பெல்பாஸ்ற் நகரில் மிருக வைத்தியர் டன்லொப் தன் மகனின் முச்சக்கர வண்டிக்குக் காற்று ரயர் மாட்டியதன் நோக்கமும் குலுக்கத்தைக் குறைப்பதுதான். வேகம் அதன் பின்னால் வந்தது.

இன்னொரு கணக்கையும் பார்த்தால் காற்றுப் பம்பைப் பிடிக்கும் கை தானாக அடங்கும். ரயரின் துணியில் ஏற்படும் இழுவிசை, அழுத்தத்தையும் ரயரின் ஆரையையும் பெருக்கிய அளவு. 25 மில்லிமீற்றர் ரயரில் 90 பிஎஸ்ஐ அடித்தால் வரும் இறுக்கம் 40 மில்லிமீற்றர் ரயரில் 56 பிஎஸ்ஐயிலேயே வந்துவிடும். விரலால் அமத்திப் பார்த்து "காற்றுக் காணாது" என்று மேலும் அடிப்பவர்கள் அகல ரயரை அளவுக்கு மிஞ்சி இறுக்கிவிடுவது இதனால்தான். எழுபது கிலோ எடையுள்ள ஒருவர் 40 மில்லிமீற்றர் ரயரில் 35 முதல் 40 பிஎஸ்ஐயில் தொடங்கி, முன்சக்கரத்தில் இரண்டு மூன்று குறைத்து, மெல்ல மெல்லத் தனக்கேற்ற அளவைக் கண்டுபிடிக்கலாம். மிகவும் குறைத்தால் கல் ரயரை நசுக்கி விளிம்பில் இடிக்கும், ரியூப் இரண்டு இடத்தில் கிழியும். அதுதான் கீழ் எல்லை. தொண்ணூறுகளில் எரிபொருள் தடைக்காலத்தில் யாழ்ப்பாணத்தில் சைக்கிளிலேயே அரிசி மூடையும் விறகும் ஆளும் ஏற்றினார்கள்; அந்தப் பாரத்துக்கு இறுக்கிக் காற்றடித்தது சரிதான். இங்கே ஒரு தண்ணீர்ப் போத்தலோடு போகிறவருக்கு அந்தப் பழக்கம் வேண்டியதில்லை.

சரளைப் பாதையில் நீண்ட தூரம் ஓடியவர்களுக்கு இன்னொரு அனுபவம் இருக்கும். ஓரிடத்தில் தரை வரிவரியாக, அலை அலையாகக் கிடக்கும், பல் கிட்டும். மழை அரித்தது என்றோ, மோசமான வேலை என்றோ நினைப்போம். உண்மையில் அந்த அலைகளை உண்டாக்குவது சக்கரமே. ரொறன்ரோப் பல்கலைக்கழகத்தின் இயற்பியலாளர் ஸ்ரீபன் மொறிஸ், பிரான்சின் நிக்கொலா ரபெர்லே, பிரித்தானியாவின் ஜிம் மக்எல்வெய்ன் மூவரும் 2007 இல் வெளியிட்ட ஆய்வு இதை அழகாகக் காட்டியது. சுழலும் வட்ட மேசையில் மணலைப் பரப்பி, அதன்மேல் ஒரு சிறு சக்கரத்தை உருளவிட்டார்கள். சமதளமாக இருந்த மணலில், சக்கரத்தின் வேகம் ஓர் எல்லையைத் தாண்டியதும் சிறு அலைகள் தோன்றின. சிறிது நேரத்தில் முழு வட்டத்திலும் பரவின. அலைகள் நின்ற இடத்தில் நிற்கவுமில்லை. சக்கரம் ஓடும் திசையில் மெதுவாக நகர்ந்தன.

எப்படி? தரையில் ஒரு சிறு மேடு இருந்தால் சக்கரம் அதில் ஏறி, எழும்பி, அப்பால் பாரத்தோடு விழுகிறது. விழுந்த இடத்தில் மணல் முன்னால் தள்ளப்பட்டு ஒரு குழியும் அதற்கடுத்து ஒரு மேடும் உண்டாகின்றன. அடுத்த மேடு அடுத்த எழும்பலைத் தருகிறது. மணல் இறுகுவதாலோ பெரிய கல்லும் சிறிய கல்லும் தனித்தனியே பிரிவதாலோ அலை வருகிறது என்ற விளக்கங்கள் தேவையில்லை என்பதை அவர்களின் கணினிக் கணிப்பு காட்டியது. மணல் மணிகளும் உருளும் வட்டமும் வேகமும் போதும். ஆகவே அலைபாய்ந்த பாதையைச் சமப்படுத்திவிட்டாலும், பழைய வேகத்தில் வண்டிகள் ஓடும்வரை அலைகள் திரும்ப வரும். எல்லை வேகத்துக்குக் கீழே அலை தோன்றுவதில்லை. ஆனால் அந்த எல்லை நடைவேகத்தளவு சிறியது. கார் ஓடும் கிராமப்புறச் சரளை வீதிகளில் இது நன்றாகத் தெரியும். பூங்காத் தடங்களில் பாரம் குறைவு என்பதால், இறக்கத்தின் அடியிலும் வளைவுக்கு முன்பும், எல்லோரும் ஒரேயிடத்தில் பிறேக் பிடிக்கும் இடங்களில் மட்டும் வரும். அந்த வரிகளைக் கண்டால் பயனுள்ள ஒரு செய்தி இருக்கிறது: இங்கே எல்லோரும் காலம் தாழ்த்திப் பிறேக் பிடிக்கிறார்கள்.

பிறேக் பற்றிச் சொல்லவேண்டியது இதுதான். தளர்ந்த சரளையில் உராய்வுக் குணகம் 0.4 என்று வைத்தால், மணிக்கு 20 கிலோமீற்றரில் வரும் சைக்கிள் நிற்க ஏறத்தாழ நான்கு மீற்றர் வேண்டும். 30 கிலோமீற்றர் என்றால் ஒன்பது மீற்றர். வேகம் ஒன்றரை மடங்கானால் தூரம் இரண்டு மடங்குக்கு மேல். கண்ணும் கையும் செயற்படும் நேரம் இதற்கு வெளியே. நகரப் பூங்காப் பாதைகளில் 20 கிலோமீற்றர் எல்லை வைத்திருப்பதில் நியாயம் இருக்கிறது, முக்கியமாக மாலையில் வளைவுக்கு அப்பால் அம்மம்மா ஒருவர் பேரப்பிள்ளையோடு நடந்து வருகின்ற மோர்னிங்சைட்டில். ஏற்றத்தைப் பற்றி அஞ்ச வேண்டியதில்லை. பள்ளத்தாக்கின் அடியிலிருந்து முப்பது மீற்றர் ஏற, 80 கிலோவுக்கு வேண்டிய வேலை 24 கிலோஜூலுக்கும் குறைவு. உடலின் திறன் கால்பங்கு என்று கொண்டாலும் ஒரு வாழைப்பழம் நான்கு தடவை ஏற்றிவிடும். சின்னக் கியரும் பொறுமையும் இருந்தால் எந்த வயதிலும் முடியும்.

இனிப் பனிக்காலம். ஒவ்வொரு இளவேனிலிலும் மண் தடங்களில் புதிய கற்கள் முளைத்திருப்பதைப் பார்க்கலாம். நீர் உறையும்போது ஒன்பது சதவீதம் விரிவதால் நிலம் பொங்குகிறது என்றுதான் பலர் சொல்வார்கள். அமெரிக்க நிலவியலாளர் ஸ்ரீபன் ரேபர் 1929 இலும் 1930 இலும் வெளியிட்ட ஆய்வுகளில் அந்த விளக்கம் போதாது என்று காட்டினார். நீருக்குப் பதிலாகப் பென்சீனை மண்ணில் ஊற்றி உறையவைத்தார். பென்சீன் உறையும்போது சுருங்கும். அப்படியிருந்தும் மண் பொங்கியது! காரணம் விரிவு அல்ல, உறிஞ்சல். மேலிருந்து இறங்கும் குளிர், மண்ணுக்குள் மெல்லிய பனித் தகடுகளை உருவாக்குகிறது. அந்தத் தகடுகள் கீழேயுள்ள ஈரத்தை நுண்துளைகள் வழியாக இழுத்துக்கொண்டு தடித்து வளர்கின்றன. மேல்மண்ணும் அதில் சிக்கிய கல்லும் தூக்கப்படுகின்றன. உருகும்போது கல்லுக்கடியிலுள்ள வெளிக்குள் மண் சரிந்துவிட, கல் பழைய இடத்துக்கு இறங்க முடியாமல் நிற்கிறது. அடுத்த குளிருக்கு இன்னும் கொஞ்சம் மேலே வருகிறது.

இந்த உறிஞ்சலுக்கு மிக ஏற்ற மண் வண்டல். மணலில் துளை பெரிது, நீர் ஏறாது. களியில் துளை மிகச் சிறிது, நீர் மெதுவாகவே அசையும். வண்டலில் இரண்டும் அளவாக அமைகின்றன. பனிப்படலம் அரைத்துவிட்ட ஸ்காபரோ மண்ணில் வண்டல் நிறைய. ஆகவே மார்ச், ஏப்ரல் மாதங்களில் இந்தப் பள்ளத்தாக்கின் மண் தடங்கள் ஆண்டிலேயே மிகப் பலவீனமான நிலையில் இருக்கின்றன. மேலே வெயில் பட்டு உருகிவிட்டது; ஓரடி கீழே இன்னும் உறைந்திருக்கிறது. உருகிய நீர் கீழே இறங்க முடியாமல் மேல்மண்ணோடு கலந்து கூழாகிறது. அந்த நேரத்தில் ஒரு சைக்கிள் போனால் சக்கரத் தடம் பள்ளமாகப் பதிகிறது. பள்ளத்தில் அடுத்த மழை ஓடுகிறது. ஓடும் நீர் தூளை முதலில் அள்ளுகிறது. தூள் போனால் கற்களைப் பிடித்துவைக்க ஒன்றுமில்லை. சரிவிலே நேராக இறங்கும் தடம் இப்படி ஓரிரு ஆண்டுகளில் வாய்க்காலாகிவிடும். தடம் அமைப்பவர்கள் பாதையைச் சரிவுக்குக் குறுக்காக, சரிவின் செங்குத்தில் பாதிக்கு மேற்படாமல் கொண்டுபோவதன் காரணம், நீர் பாதையைக் கடந்து போகவேண்டும், பாதை வழியே ஓடக்கூடாது என்பதுதான். பல்கலைக்கழக வளாகத்திலிருந்து பள்ளத்தாக்குக்கு இறங்கும் அரைக் கிலோமீற்றர்ப் பாதை, சக்கர நாற்காலியும் இறங்கக்கூடிய சாய்வில் வளைந்து வளைந்து போவதைப் பார்த்தால் இந்தக் கணக்கு விளங்கும்.

அள்ளப்பட்ட வண்டல் எங்கே போகிறது? ஆற்றுக்கு. அங்கே அதே சரளையை நம்பி வேறோர் உயிர் இருக்கிறது. செப்ரெம்பர், ஒக்ரோபரில் ஒன்ராறியோ ஏரியிலிருந்து சினூக் சமன் மீன்கள் ஹைலண்ட் சிற்றாற்றில் ஏறி வரும்; மோர்னிங்சைட் பூங்காவில் கரையில் நின்றே பார்க்கலாம். பெண் மீன் வாலால் சரளையைக் கிளறிக் குழி பறித்து முட்டையிட்டு, மேலே கல்லைத் தள்ளி மூடும். கற்களுக்கு இடையே நீர் ஓடினால்தான் முட்டைக்கு ஒட்சிசன். வண்டல் படிந்து வெளிகளை அடைத்துவிட்டால் முட்டை மூச்சுமுட்டி அழிகிறது. பாதைக்குத் தேவையான தூள் மீனுக்கு எமன்.

சைக்கிள்களை மட்டும் குற்றம் சொல்வது நேர்மையாகாது. ஹைலண்ட் சிற்றாற்றின் நீரேந்து பரப்பு ஏறத்தாழ நூறு சதுர கிலோமீற்றர். அதன் பெரும்பகுதியில் கூரையும் தார் வீதியும் வாகனத் தரிப்பிடமும்தான். மழை மண்ணுக்குள் இறங்காமல் நேரே குழாய்வழி ஆற்றுக்கு வருகிறது. 2005 ஆகஸ்ட் 19 மாலை கொட்டிய மழையில் இந்தச் சிற்றாறு கரைகளைப் பிய்த்தெறிந்தது. ஆற்றோரம் புதைத்திருந்த கழிவுநீர்க் குழாயும் உடைந்தது. பின்னர் கரைகளைப் பெரும்பாறைகளால் கட்டினார்கள். சாதாரண மழைக்கும் சில மணி நேரத்தில் பெருகி வடியும் ஆறு இது. பெருமழைக்குப் பின் தார்ப்பாதையின் மேலேயே மணலும் சரளையும் படிந்து கிடக்கும். ஆனாலும் ஒரு நகரம் முழுவதும் செய்யும் கேட்டோடு நம் பங்கையும் சேர்க்க வேண்டியதில்லை.

தடத்தை விட்டு விலகி ஓடுவதில் இன்னொரு கேடு. 1937 முதல் ஒன்ராறியோவின் மலராக இருக்கும் ட்ரில்லியம் இந்தக் காட்டுத் தரையில் மே மாதம் பூக்கும். விதை முளைத்துப் பூப்பதற்கு ஏழு ஆண்டுகளுக்கு மேல் எடுக்கும் செடி அது; விதையைச் சுமந்து பரப்புவது எறும்பு. அதன் இடத்தைப் பிடித்துவரும் வந்தேறிச் செடி கார்லிக் மஸ்ரர்ட். அதன் விதை சேற்றோடு ஒட்டிக்கொண்டு ரயரில் பயணம் செய்யும். ஓட்டம் முடிந்ததும் வீட்டில் சைக்கிளைக் கழுவுவது நல்லது. கழுவும்போதே காலையும் பார்த்துக்கொள்ளுங்கள்: லைம் நோயைப் பரப்பக்கூடிய கருங்கால் உண்ணி மோர்னிங்சைட்டிலும் ரூஜ் பூங்காவிலும் இருப்பதை நகரச் சுகாதாரத் துறை உறுதிசெய்திருக்கிறது. அது கடித்து ஒரு நாளுக்குள் எடுத்துவிட்டால் நோய் தொற்றும் வாய்ப்பு மிகக் குறைவு. உயரப் புல்லுக்குள் போகாமல் பாதை நடுவே ஓடினாலே பெரும்பாலும் போதும்.

ரூஜ் பூங்காவின் நடைபாதைகளில் சைக்கிளுக்கு இடமில்லாதவை உண்டு. வாசலிலுள்ள பலகையை வாசித்துவிட்டு உள்ளே போங்கள். மோர்னிங்சைட்டில் பலர் சேர்ந்து போகும்போது பக்கத்தில் பக்கமாக ஓடித் தடத்தை அகலப்படுத்தாமல் ஒருவர் பின் ஒருவராகப் போங்கள். சேறு நடுவில் இருந்தால் ஓரத்துச் செடியை மிதித்துச் சுற்றிப் போகாமல் இறங்கித் தள்ளிக்கொண்டு போங்கள். பிள்ளைகளின் பழைய மலைச் சைக்கிள் கராஜில் தூங்கினால் அதன் ரயரில் காற்றைக் குறைத்து எடுத்து வாருங்கள். புதிய கிரவல் சைக்கிள் வாங்கவேண்டிய அவசியம் இந்தப் பள்ளத்தாக்குக்கு இல்லை. மார்ச் நடுப்பகுதியிலிருந்து மண் காயும் மே தொடக்கம்வரை மண் தடங்களை விட்டுவிட்டுத் தார்ப்பாதையில் மட்டும் ஓடுங்கள்.